தரங்கம்பாடிக் கோட்டையில் மிஞ்சியது

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் போவது கோட்டைக்கு, அருங்காட்சியகத்துக்கு அல்ல. கடற்காற்று வாங்கி, கொத்தளத்தில் நின்று போட்டோ எடுத்து, சரி, வந்தது வந்தோம் என்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே பீங்கான் சாமான்கள், சீனத் தேயிலைச் சாடிகள், கண்ணாடிப் பொருட்கள், மாக்கல் விளக்குகள், சுடுமண் உருவங்கள், சுதைப் பொம்மைகள், சில கற்சிற்பங்கள், வாள், குத்துவாள், ஈட்டி, சின்னச் சின்னப் பீரங்கிக் குண்டுகள், டேனிஷ் ஆவணங்கள் சில. இதெல்லாம் போதாதென்று ஒரு திமிங்கிலத்தின் எலும்புப் பகுதி வேறு. கால் மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். வெளியே வரும்போது ஒரு கேள்வி மட்டும் கூடவே வரும்: தேயிலைச் சாடிக்கும் சுதைப் பொம்மைக்கும் திமிங்கில எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அது அந்தப் பெட்டிகளுக்குள் இல்லை. இந்தக் கோட்டையை விட்டு வெளியே போன பொருட்களின் பட்டியலைத் தெரிந்துகொண்டு வந்து பார்த்தால்தான், உள்ளே இருப்பவை ஏன் இருக்கின்றன என்பது பிடிபடும்.

முதலில் டேனிஷ்காரர்கள் இங்கே வந்த கதை. அவர்கள் கிளம்பியதே தரங்கம்பாடிக்கு அல்ல, இலங்கைக்கு. கண்டி அரசரின் தூதர் என்று சொல்லிக்கொண்டு கோபன்ஹேகனுக்குப் போன போஷவர் என்ற டச்சுக்காரர் ஒருவர், போர்த்துகீசியரை விரட்ட உதவினால் வணிக உரிமை கிடைக்கும் என்று டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு ஆசை காட்டினார். டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1616-ல் தொடங்கப்பட்டது. 1618 கடைசியில் ஓவே கெட்டே என்ற இளம் பிரபுவின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. ஒன்றரை வருஷம் கழித்து 1620-ல் இலங்கைக் கரையைத் தொட்டபோது போஷவர் உயிரோடு இல்லை, வழியிலேயே இறந்துபோயிருந்தார். கண்டி அரசர் செனரத்தோ, போஷவர் கொடுத்த வாக்குக்கெல்லாம் நான் கட்டுப்பட முடியாது என்று கைவிரித்துவிட்டார்.

இதற்கிடையில் முன்னோடியாக வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துகீசியர்கள் மூழ்கடித்திருந்தார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆட்சியில் இருந்தவர் ரகுநாத நாயக்கர். நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் இருக்க, அவர்களுக்குப் போட்டியாகக் கரையில் இன்னொரு வியாபாரி இருந்தால் நல்லது என்று நாயக்கருக்குத் தோன்றியிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. தரங்கம்பாடி என்ற மீனவக் கிராமமும் அதைச் சுற்றியுள்ள நிலமும் குத்தகைக்குப் போயின. குத்தகை வருஷத்துக்கு 3,111 ரூபாய் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கோட்டை கட்டும் வேலையும் அதோடு தொடங்கியது. டேன்ஸ்போர்க் என்று பெயர் வைத்தார்கள்.

ஊர் ஒன்றும் அன்றைக்குப் பிறந்ததல்ல. கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கம். அங்குள்ள கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. அருங்காட்சியகத்துக்கு முன் இந்தக் கோயிலைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. டேனிஷ்காரர்கள் வந்ததோடு வரலாறு ஆரம்பித்ததாக நினைத்துவிடாமல் இருக்க அது உதவும்.

இப்போது வெளியே போனவற்றைப் பார்க்கலாம். ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஊரின் பழைய வரைபடங்களில் முக்கியமானது 1733-ல் வரையப்பட்டது, தெரு தெருவாக, மதில் சுவரோடு. அதன் மூலமும் டென்மார்க்கில்தான். 1788 முதல் 1806 வரை ஆளுநராக இருந்த பீட்டர் அங்கர் நார்வேக்காரர், கை சும்மா இருக்காத மனிதர். கோட்டையையும் சுற்றுவட்டாரக் கோயில்களையும் நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டித் தள்ளினார். அவை ஒஸ்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மதம் பரப்ப வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கும் அவருக்குப் பின்வந்த மிஷனரிகளும் தேடித் தேடிச் சேர்த்த ஓலைச்சுவடிகள், அனுப்பிய கடிதங்கள், பொருட்கள் எல்லாம் ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்குப் போயின. அங்கே பிராங்கே நிறுவனத்தின் அதிசயப் பொருட்கள் அறையில், பதினெட்டாம் நூற்றாண்டில் அடுக்கிய அதே முறையில், 'மலபார்' பொருட்களுக்கென்று ஒரு தனி அலமாரியே உண்டு. அந்தக் காலத்தில் ஐரோப்பியர்களுக்குத் தமிழ் என்றால் 'மலபார் மொழி'. ஆக அந்த அலமாரி நம் ஊர் அலமாரிதான்.

கையெழுத்தும் படமும் சுவடியும் தங்கமும் போயாயிற்று. அவை எடுத்துப் போகத் தகுந்தவை, எடுத்துப் போனவர்களுக்கு மதிப்புத் தெரிந்தவை. உடைந்த பீங்கானை யார் கப்பலேற்றுவார்கள்? அது மண்ணிலேயே கிடந்தது. கோட்டை அருங்காட்சியகம் 1979-ல் தொடங்கப்பட்டபோது கையில் இருந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை: மண்ணும் கடலும் கட்டடமும் விட்டுவைத்தவை.

இன்னொரு பக்கமும் உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் விற்றதும் வாங்கியதும் முக்கியமாக என்ன? முதலில் மிளகு, அப்புறம் பருத்தித் துணி. சோழமண்டலக் கரையின் துணிகள்தான் அன்றைக்குத் தென்கிழக்கு ஆசியாவில் நாணயம் மாதிரி ஓடின. அவற்றைக் கொடுத்து மசாலாப் பொருள் வாங்கலாம், ஐரோப்பாவுக்கும் அனுப்பலாம். ஆனால் மிளகைத் தின்றுவிடுவார்கள், துணி நைந்து மக்கிவிடும். கோட்டையின் இருநூற்றுச் சொச்ச வருஷ வாழ்க்கைக்குக் காரணமாக இருந்த சரக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து உட்காரக்கூடிய சரக்கே அல்ல. மக்காத பீங்கானும் துருப்பிடித்த இரும்பும் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. நெசவாளரும் சாயக்காரரும் தரகரும் படகோட்டிகளும் இந்தக் கதையில் மறைந்துபோவது இப்படித்தான். வேண்டுமென்று யாரும் மறைத்திருக்க வேண்டியதில்லை. பஞ்சு மக்கும், அவ்வளவுதான்.

அந்தச் சீனத் தேயிலைச் சாடிகளுக்கு வருவோம். தஞ்சாவூர்க் கடற்கரையில் சீனச் சாடிக்கு என்ன வேலை? இங்கே கோட்டை வைத்திருந்தவர்கள் பணம் பார்த்த இடங்களில் ஒன்று சீனாவின் கான்டன் துறைமுகம். 1732-ல் டேனிஷ் ஆசியக் கம்பெனி அமைந்த பிறகு கோபன்ஹேகனிலிருந்து கப்பல்கள் நேராகக் கான்டனுக்கே ஓடின. கொண்டுவந்த தேயிலையை டேனிஷ்காரர்களே குடித்துத் தீர்க்கவில்லை. இங்கிலாந்தில் தேயிலை வரி எக்கச்சக்கம். அதனால் கணிசமான பங்கு கள்ளத்தனமாக அங்கே போனது. 1784-ல் பிரிட்டன் அந்த வரியைத் தடாலென்று குறைத்ததும் கடத்தலுக்கு இருந்த லாபம் போயிற்று. தரங்கம்பாடியின் நல்ல காலமும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். ஐரோப்பிய வல்லரசுகள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும்போதெல்லாம், சண்டையில் சேராத டேனிஷ் கொடி பறக்கும் கப்பலுக்குக் கிராக்கி. மற்றவர்களின் சரக்கையும் பணத்தையும் ஏற்றிச் சம்பாதித்தார்கள். 1808-ல் சண்டை அவர்களையே தேடி வந்தது. ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து 1815 வரை வைத்திருந்தார்கள். திரும்பக் கிடைத்தபோது வியாபாரம் திரும்பவில்லை.

பீரங்கிக் குண்டுகள் சின்னவையாக இருப்பதைப் பார்த்துச் சிலர் ஏமாந்துபோவார்கள். இந்தக் கோட்டைக்கு எப்போதுமே ஆள் பஞ்சம். 1620-களில் இங்கே சிப்பாயாக இருந்த ஐஸ்லாந்துக்காரர் யோன் ஓலாஃப்சன், கோட்டையில் நடந்த வெடிமருந்து விபத்தில் கடுமையாகக் காயப்பட்டு ஊர் திரும்பினார். வயதான பிறகு தன் நினைவுகளை எழுதிவைத்தார். கோட்டையின் ஆரம்ப நாட்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு அந்த ஐஸ்லாந்துக்காரர் தயவு. அடுத்த கட்டம் இன்னும் விசித்திரம். டென்மார்க்கில் போர், பணமில்லை, கப்பல் வரவில்லை. 1655-ல் கோட்டையில் மிஞ்சியிருந்த டேனிஷ்காரர் ஒரே ஒருவர், எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே. உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, கடலில் போகிற வருகிற கப்பல்களைப் பிடித்து அந்த வருமானத்தில் காலம் தள்ளி, நாயக்கர் படைகளையும் சமாளித்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். பதினான்கு வருஷம். 1669-ல் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி பறந்துகொண்டுதான் இருந்தது. இந்தப் பதினான்கு வருஷமும் அது டேனிஷ் கோட்டையா, தமிழ் ஆட்கள் காத்த கோட்டையா என்று கேட்டால், சம்பளப் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால் இங்கே பெரிய காட்சிப்பொருள் கட்டடம்தான். கடலைப் பார்த்த பக்கம் சுமார் 60 மீட்டர் நீளம், மூலைகளில் கொத்தளங்கள், நடுவே திறந்த முற்றம். ஒரு காலத்தில் சுற்றி அகழியும், தூக்கிப் போடும் பாலமும் இருந்தன, இப்போது இல்லை. பிரதானக் கட்டடத்தின் கூரை செங்கல் வளைவு, ஒட்டகத் திமில் மாதிரி எழும்பி இறங்கும். கீழ்த்தளத்தில் கிடங்கு, சமையலறை, சிப்பாய்கள் தங்குமிடம், சிறை. மேலே ஆளுநர், பெரிய வணிகர்கள், பாதிரியார். சரக்கு கீழே, துரைமார் மேலே என்ற இந்த ஏற்பாட்டைப் பார்த்தாலே இது போருக்கென்று கட்டியதைவிடக் கிடங்குக்குக் காவலாகக் கட்டியது என்று தெரிந்துவிடும்.

அந்தச் சிறைக்கு ஒரு பிரபலமான கைதி உண்டு. 1706 ஜூலையில் வந்திறங்கிய சீகன்பால்கு, மன்னர் அனுப்பி வந்தவர்தான். ஆனால் கோட்டைத் தளபதி ஹாசியுஸுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. உள்ளூர் மக்கள் பக்கம் நின்று பேசுகிற பாதிரியார் கம்பெனிக்குத் தலைவலி. 1708 நவம்பரில் கைது செய்து ஏறத்தாழ நான்கு மாதம் உள்ளே வைத்தார்கள். மன்னரின் ஆளை மன்னரின் கோட்டையிலேயே அடைத்துவைத்த இந்தச் சம்பவம், மிஷனும் கம்பெனியும் ஒன்று என்று நினைப்பவர்களுக்கு நல்ல மருந்து.

சீகன்பால்கு கதைக்குக் கோட்டையை விட்டு ஊருக்குள் போக வேண்டும். அவர் வாழ்ந்த வீட்டில் 2017 முதல் தனி அருங்காட்சியகம் இருக்கிறது, ஹாலேயின் பிராங்கே நிறுவனத்தின் முயற்சியில் உருவானது. அச்சுக் கலை அங்கே முக்கியம். இந்தக் கரைக்கு அச்சு இயந்திரம் வந்தது 1712-13-ல். ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரிது. அவற்றால் அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். அதற்கு ஈயம் எங்கே கிடைத்தது? இங்கிலாந்திலிருந்து சீஸ் அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கினார்கள் என்று ஒரு செய்தி உண்டு. அப்படி வார்த்த எழுத்தில் 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதம் தட்டுப்பாடானதால் பக்கத்துப் பொறையாரில் ஒரு காகிதப் பட்டறையே போட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். எந்தக் கண்ணாடிப் பெட்டியும் இல்லாமல் முந்நூறு வருஷமாக ஊர் வாயில் பத்திரமாக இருக்கும் காட்சிப்பொருள் அது.

ஈயம் என்றதும் காசு ஞாபகம் வருகிறது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் ஆரம்பத்தில் அடித்த சில்லறைக் காசு ஈயத்தில்தான். மன்னரின் பெயரெழுத்து ஒரு பக்கம், சிலவற்றில் கப்பலின் பெயர் மறுபக்கம். ஈயம் மென்மையானது, உப்புக்காற்றில் வெளுத்துப் பொடியாகும். அதனால் தெளிவாக எழுத்துத் தெரியும் ஈயக்காசு அபூர்வம். பின்னால் செம்புக்காசும் வெள்ளி ராயலினும் வந்தன. 80 காசு ஒரு ராயலின், 8 ராயலின் ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க்கு 640 காசு! 'காஸ்' என்றுதான் டேனிஷ்காரர்கள் அதில் பொறித்தார்கள். நம் 'காசு' ரோமன் எழுத்தில் ஏறியிருக்கிறது. சந்தையில் கத்தரிக்காய் விற்றவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டுமே, அதனால் மன்னர் மாறினாலும் காசின் பெயர் மாறவில்லை.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலுக்கு இவ்வளவு அருகில் அருங்காட்சியகம் நடத்துவது லேசான காரியம் இல்லை. உப்பு இரும்புக்குள் இறங்கினால் மேலே சுரண்டி எடுத்தாலும் உள்ளே துரு ஓடிக்கொண்டே இருக்கும். செங்கலுக்குள் இறங்கிய உப்பு காய்ந்து படிகமாகி, காரையைச் சில்லுச் சில்லாகத் தள்ளும். காகிதத்துக்கு ஈரம் எமன். ஓலைச்சுவடியும் நீர்வண்ண ஓவியமும் இந்தக் கட்டடத்திலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்கத்தான் வேண்டும். அதற்காகக் கொண்டுபோனது சரியாகிவிடாது. இருந்தாலும் 'எல்லாவற்றையும் திருப்பிக் கொடு' என்று சொல்வதற்கு முன் அறையின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த ஒரு இயந்திரம் கேட்பது உத்தமம்.

கோட்டை தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் ஓரளவுக்கு அதன் பயனில்லாமைதான். 1845-ல் தரங்கம்பாடியும் வங்காளத்தின் செராம்பூரும் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கைமாறின. ஆங்கிலேயருக்கு இங்கே கோட்டை தேவைப்படவில்லை. 1860-களில் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் துறைமுக வியாபாரமும் அங்கே போய்விட்டது. தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926-ல், மாயவரத்திலிருந்து ஒரு கிளைப் பாதை. அதுவும் 1986-ல் நின்றது. இடித்து மாற்றிக் கட்ட யாருக்கும் அவசியம் இல்லாத ஊரில் தெருக்கள் பழைய வரைபடத்தில் இருந்தபடியே இருந்துவிட்டன. கோட்டை 1978 வரை பயணியர் விடுதியாக இருந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் ஆளுநரின் அறைகளில் படுத்து எழுந்தார்கள். பிறகு தமிழகத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. டென்மார்க்கில் இயங்கும் தரங்கம்பாடிச் சங்கம் புனரமைப்புக்கு உதவியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மீனவர் குடியிருப்பு நொறுங்கியது. கோட்டை நின்றது. அதற்குப் பிறகுதான் கடலோரக் கற்சுவரும், ஊருக்குள் பழைய வீடுகளைச் சீரமைக்கும் வேலைகளும் வேகம் பிடித்தன.

திமிங்கில எலும்பை மறக்கவில்லை. பெரிய அருங்காட்சியகத்தில் அது இயற்கை வரலாற்றுப் பிரிவுக்குப் போயிருக்கும், பீங்கான் வேறு மாடிக்குப் போயிருக்கும். சின்ன ஊர் அருங்காட்சியகத்துக்கு அந்த வசதி கிடையாது. ஊர் எதைப் பார்த்து வாய் பிளந்ததோ அதெல்லாம் ஒரே கூரையின் கீழ். ஹாலேயில் இருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு அறையும் அப்படித்தான் அடுக்கப்பட்டது. அங்கே ஒரு முழு முதலையே தொங்கும், இங்கே திமிங்கில எலும்பு கிடக்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. 1792-ல் கட்டிய ஊர் வாசலில் தொடங்குங்கள், அங்கர் காலத்தது. ராஜ வீதியில் நேராக நடந்தால் வலப்பக்கமும் இடப்பக்கமும் தேவாலயங்கள்: 1701-ன் சீயோன், 1718-ன் புது எருசலேம். சீகன்பால்கு 1719-ல் 36 வயதில் இறந்து புது எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார். அப்புறம் கோட்டை. உள்ளே சாடிகளைப் பார்க்கும்போது கான்டனையும், குண்டுகளைப் பார்க்கும்போது கொங்ஸ்பாக்கேயையும் நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கிடங்கு அறைகளில் ஒரு நிமிஷம் நின்று, இங்கே அடுக்கியிருந்த துணி மூட்டைகள் எந்தெந்தத் தறியிலிருந்து வந்திருக்கும் என்று யோசியுங்கள்.

தரங்கம்பாடிக்கென்று அடித்த கடைசிக் காசுகளில் ஒன்றை எங்காவது பார்க்க நேர்ந்தால் கையில் வாங்கிப் பாருங்கள். சின்னச் செம்புக்காசு. ஒரு பக்கம் முடியோடு எட்டாம் கிறிஸ்தியானின் பெயரெழுத்து. மறுபக்கம் ரோமன் எண்ணில் நான்கு, 'காஸ்' என்ற சொல், அதன் கீழே வருஷம்: 1845. ஊரை விற்ற வருஷம்.